பெட்டி நம்பரின் கடைசி எண்

போன மாதம் எங்கள் ஆபீஸில் ஒரு இடம் காலியானது. ஒரே இடம். இறக்குமதிப் பிரிவில் டாக்குமென்டேஷன் வேலை. தம்பு செட்டி தெருவில், லிஃப்ட் இல்லாத பழைய கட்டடத்தின் இரண்டாவது மாடியில் இருக்கிற கஸ்டம்ஸ் கிளியரிங் கம்பெனி எங்களுடையது. வேலைவாய்ப்புத் தளம் ஒன்றில் பதிவு போட்டோம். தெரிந்தவர்களின் வாட்ஸாப் குரூப் இரண்டில் சொல்லி வைத்தோம். நாலே நாளில் நூற்றுச் சொச்சம் பயோடேட்டா வந்து குவிந்துவிட்டது. அதில் பத்துப் பேரைப் பொறுக்கி எடுக்கிற வேலை என் தலையில் விழுந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் லேப்டாப்போடு உட்கார்ந்தேன். அண்ணி வாசலில் உட்கார்ந்து சங்கரா மீனை ஆய்ந்துகொண்டிருந்தார். அவர் ஒரு கிலோவை முடிப்பதற்குள் நான் முப்பது பயோடேட்டாவை முடித்திருந்தேன். முடித்துவிட்டு யோசித்தால் ஒரு பெயர்கூட மனசில் நிற்கவில்லை. எல்லோரும் கடின உழைப்பாளிகள். எல்லோரும் டீம் பிளேயர்கள். எல்லோருக்கும் "சேலஞ்சிங் என்விரான்மென்ட்"டில் வேலை செய்ய ஆசை. எங்கள் ஆபீஸில் இருக்கிற பெரிய சேலஞ்ச், மழைக்காலத்தில் ஃபைல் ரூம் ஒழுகாமல் பார்த்துக்கொள்வதுதான் என்று அந்தப் பிள்ளைகளுக்கு யார் சொல்வது?

கேலி பண்ண எனக்கு யோக்கியதை கிடையாது. 2008ல் என் பயோடேட்டாவிலும் அச்சு அசலாக அதே வரி இருந்தது. அது எங்கிருந்து வந்தது என்பதுகூட எனக்குத் தெரியும். தண்டையார்பேட்டையில் மார்க்கெட்டுக்குப் பக்கத்தில் ஒரு ப்ரவுசிங் சென்டர். அதை நடத்திய அண்ணனின் கம்ப்யூட்டரில் ஒரே ஒரு பயோடேட்டாதான் உண்டு. யார் வந்தாலும் அதைத் திறப்பார், பெயரை மாற்றுவார், அப்பா பெயரை மாற்றுவார், மார்க்கை மாற்றுவார், பிரிண்ட் கொடுப்பார். அந்த வருஷம் எங்கள் பக்கத்தில் பி.காம். முடித்த அத்தனை பேரும் காகிதத்தில் ஒரே ஆள்தான். என் முறை வந்தபோது அவர் ஹாபியை மாற்ற மறந்துவிட்டார். எனக்கு முன்னால் வந்து போன யாரோ ஒருவரின் ஸ்டாம்ப் கலெக்ஷன் என் தலையில் ஏறிக்கொண்டது. இங்கிலீஷில் இருக்கிற காகிதத்தைத் திருப்பிப் படித்துப் பார்க்கும் தைரியம் அப்போது எனக்கு இல்லை.

முதல் இன்டர்வியூவில் எதிரே இருந்தவர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு ஆசையாகக் கேட்டார், "அட, நானும் ஸ்டாம்ப் சேக்கறேன்மா. உன்கிட்ட எந்தக் காலத்து ஸ்டாம்ப்லாம் இருக்கு?" எங்கள் வீட்டுக்குத் தபால்காரர் வந்தால் நகைக்கடன் நோட்டீஸோடுதான் வருவார். "இப்பதான் சார் ஆரம்பிச்சிருக்கேன்" என்றேன். அவர் கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார். அவ்வளவுதான்.

அந்த வருஷம் செப்டம்பரில் அமெரிக்காவில் லேமன் பிரதர்ஸ் என்ற பெரிய வங்கி கவிழ்ந்தது. அது யார், எங்கே இருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியாது. ஓ.எம்.ஆர். பக்கம் கூட்டம் கூட்டமாக ஆள் எடுத்துக்கொண்டிருந்த கால் சென்டர்கள் திடீரென்று "அப்புறம் சொல்றோம்" என்று சொல்ல ஆரம்பித்தது மட்டும் தெரியும்.

அட்ரஸ் கதை தனி. நாங்கள் காசிமேடு. ஓ.எம்.ஆரில் ஒரு கம்பெனி. பெயர் வேண்டாம். பயோடேட்டாவைப் பார்த்ததும் அந்தப் பெண் தலையை நிமிர்த்தி, "காசிமேடா?" என்றாள். அந்தக் கேள்விக்குறியில் மீன் வாசனையும் சினிமாவில் பார்த்த அரிவாளும் சேர்ந்தே இருந்தன. "நைட் ஷிப்ட் கேப் அந்தப் பக்கம் வராதே" என்றாள். நான் கேபே கேட்கவில்லை. வீட்டுக்கு வந்து சொன்னதும் அம்மா ஒரு யோசனை சொன்னார்: பெரியம்மா வீட்டு அட்ரஸைப் போடு, அண்ணா நகர். போட்டேன். அடுத்த இன்டர்வியூவில், "அண்ணா நகர்ல எங்க?" "டவர் பக்கத்துல சார்." "எந்த பிளாக்?" எனக்கு ஏ, பி, சி எல்லாமே ஒரே நேரத்தில் மறந்துபோனது.

இதைச் சொல்லக் காரணம் இருக்கிறது. வேலை தேடுகிறவர்களுக்கு யார் வகுப்பு எடுத்தாலும் முதலில் சொல்வது, கூட்டத்தில் தனியாகத் தெரியவேண்டும் என்பது. எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்கு இது வேடிக்கையான அறிவுரை. நாங்கள் ஏற்கெனவே தனியாகத்தான் தெரிகிறோம். பேச வாயைத் திறந்தால் தெரிகிறோம், அட்ரஸை எழுதினால் தெரிகிறோம். எங்கள் பாடெல்லாம் எப்படியாவது கூட்டத்தோடு கூட்டமாகக் கரைந்துபோவதுதான். "இன்னா" வராமல் பார்த்துக்கொள்வது, "வந்துக்கினு" வாயில் வழுக்காமல் பிடித்துக்கொள்வது, பின்கோடை மாற்றுவது. இதிலேயே தெம்பெல்லாம் போய்விடும். மற்றதைக் காட்ட மிச்சம் இருக்காது.

மனப்பிரமை என்று நினைக்கவேண்டாம். சுகதேவ் தோரட், பால் அட்டவெல் என்ற இரண்டு ஆய்வாளர்கள் பத்திரிகை விளம்பரங்களுக்கு ஒரே தகுதியுள்ள விண்ணப்பங்களைப் பெயரை மட்டும் மாற்றி அனுப்பிப் பார்த்து, 2007ல் முடிவை வெளியிட்டார்கள். உயர்சாதிப் பெயரோடு ஒப்பிட்டால், அழைப்பு வரும் வாய்ப்பு தலித் பெயருக்கு மூன்றில் இரண்டு பங்குதான். முஸ்லிம் பெயருக்கு மூன்றில் ஒரு பங்கு. எல்லாம் தனியார் கம்பெனிகள், பட்டப்படிப்பு கேட்கிற வேலைகள். தமிழ்நாட்டில் நாம் பெயருக்குப் பின்னால் சாதியைத் தொங்கவிடுவதில்லை, இனிஷியலோடு நிறுத்திக்கொள்கிறோம். அதில் எனக்குப் பெருமைதான். ஆனால் பெயர் சொல்லாததைச் சென்னையில் ஏரியா சொல்லிவிடுகிறது.

எனக்கு வேலை கிடைத்தது 2009 ஆரம்பத்தில். அப்பா டிரெய்லர் டிரைவர். துறைமுகத்திலிருந்து பெட்டி ஏற்றி மணலி, மாதவரம் பக்கம் இருக்கிற கன்டெய்னர் யார்டுகளுக்குக் கொண்டுபோவார். (எங்கள் தொழிலில் கன்டெய்னரைப் பெட்டி என்றுதான் சொல்வோம்.) மாதவரத்தில் ஒரு யார்டின் கேட்டில் உட்கார்ந்திருந்த கிளார்க், மாதத்துக்கு ஒருமுறை அப்பாவோடு டீ குடிக்கிறவர், அவ்வளவுதான் பழக்கம், ஒருநாள் பேச்சுவாக்கில், "தம்பு செட்டி தெருல ஒருத்தர் பில்லு அடிக்கப் பொண்ணு தேடறாரு" என்றார். எங்கள் தெருவில் எனக்கு உயிரைக் கொடுக்கிற சிநேகிதிகள் ஏழெட்டுப் பேர் உண்டு. ஒருத்திக்கும் இது தெரிந்திருக்க வழியில்லை. அவர்களும் என்னைப் போலவே அதே ப்ரவுசிங் சென்டர் வாசலில் நின்றவர்கள்தானே. அமெரிக்காவில் மார்க் கிரனோவெட்டர் என்ற சமூகவியலாளர் 1973லேயே இதை எழுதியிருக்கிறார் என்று ரொம்ப நாள் கழித்துத்தான் படித்தேன். தெரிந்தவர் மூலமாக வேலை பிடித்தவர்களை அவர் விசாரித்தபோது, அடிக்கடி பார்க்கிற ஆள் மூலம் பிடித்தவர்கள் நூற்றுக்குச் சுமார் 17 பேர்தான். மற்றவர்களெல்லாம் எப்போதாவது பார்க்கிறவர், அபூர்வமாகப் பார்க்கிறவர் மூலமாக. நெருங்கினவர்களுக்கு நமக்குத் தெரிந்ததுதான் தெரியும். மாதவரம் கேட் கிளார்க்குக்கு வேறு உலகம் தெரியும்.

போனேன். முதலாளி அறுபது தாண்டியவர், நெற்றியில் விபூதி, மேஜை நிறைய காகிதம். என் பயோடேட்டாவை வாங்கிப் புரட்டாமலே கவிழ்த்து வைத்தார். ஒரு செட் காகிதத்தை என் பக்கம் தள்ளினார். இன்வாய்ஸ், பேக்கிங் லிஸ்ட், கப்பல் கம்பெனி சரக்குக்குக் கொடுக்கிற ரசீதான பில் ஆஃப் லேடிங். "பாத்துட்டு சொல்லு" என்றார். என்ன சொல்லவேண்டும் என்று சொல்லவில்லை.

அந்த மூன்றையும் நான் அதற்கு முன் பார்த்ததே இல்லை. பி.காமில் பெயர்களை மனப்பாடம் செய்ததோடு சரி. ஆனால் பில் ஆஃப் லேடிங்கின் நடுவில் எனக்குத் தெரிந்த ஒன்று இருந்தது. பெட்டி நம்பர்.

"சார், இதுல ஒரு நம்பர் கொறையுது" என்றேன். "நாலு எழுத்துக்கு அப்புறம் ஏழு வரணும். இங்க ஆறுதான் இருக்கு."

அவர் காகிதத்தை வாங்கிப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "ஏம்மா, இது உனக்கு எப்படித் தெரியும்?"

எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோட்டில் துறைமுகத்தின் ஜீரோ கேட் வரைக்கும் டிரெய்லர்கள் வரிசை கட்டி நிற்கிறதைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். அந்தக் காலத்தில் அப்பா வண்டி ஒரு ராத்திரி, ரெண்டு ராத்திரி என்று அந்த வரிசையில் நின்றுவிடும். நானும் அண்ணனும் தூக்குச்சட்டியில் சாப்பாடு கொண்டுபோவோம். நூறு டிரெய்லரில் அப்பாவுடையதைக் கண்டுபிடிக்க பெட்டி நம்பர்தான் அடையாளம். அப்பாவுக்கு எழுத வராது. டிரிப் ஷீட்டில் பெட்டி நம்பர், சீல் நம்பர், ஏற்றிய நேரம், இறக்கிய நேரம் எல்லாம் ஒன்பதாம் வகுப்பிலிருந்து நான்தான் எழுதினேன். ஒரு எண் தப்பினால் அந்த டிரிப்புக்குப் பேட்டா நின்றுவிடும். ஒருமுறை நின்றது. அன்றைக்கு அப்பா திட்டவில்லை, சாப்பிடவும் இல்லை. அதன்பிறகு நான் தப்பியதில்லை.

இதையெல்லாம் அவரிடம் சொல்லவில்லை. "எங்கப்பா டிரெய்லர் ஓட்டறாரு சார். டிரிப் ஷீட் நான்தான் எழுதுவேன்" என்று இரண்டே வரி. திங்கள்கிழமையிலிருந்து வரச் சொல்லிவிட்டார். சம்பளம் நாலாயிரம். ஓ.எம்.ஆர். கனவில் பாதிகூட இல்லை.

அந்த ஏழாவது எண்ணைப் பற்றி ஆபீஸில் சேர்ந்த பிறகுதான் முழுசாகப் படித்தேன். பெட்டியின் கதவில் பார்த்திருப்பீர்கள், கடைசி எண்ணை மட்டும் ஒரு கட்டம் போட்டுத் தனியாக எழுதியிருப்பார்கள். அதற்குச் செக் டிஜிட் என்று பெயர். முன்னால் இருக்கிற நாலு எழுத்துக்கும் ஆளுக்கொரு மதிப்பு உண்டு. அந்த மதிப்புகளையும் ஆறு எண்களையும் வரிசையாக 1, 2, 4, 8 என்று இரட்டித்துக்கொண்டே போகிற எண்களால் பெருக்கி, கூட்டி, 11ஆல் வகுத்தால் வருகிற மீதிதான் கட்டத்துக்குள் இருக்கிற எண். மீதி 10 வந்தால் 0 போடுவார்கள். முன்னால் ஏதாவது ஒன்று தப்பாக இருந்தால் பெரும்பாலும் கணக்கு இடித்துக் காட்டிக்கொடுத்துவிடும். தனியாகக் கட்டம் கட்டி நிற்கிற அந்த எண் எங்கிருந்தோ வந்து ஒட்டிக்கொண்டதில்லை, கூட இருக்கிற பத்தையும் கூட்டிப் பெருக்கி வந்தது. பயோடேட்டாவில் ஜிகினா ஒட்டுகிறவர்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்தக் கட்டம்தான் ஞாபகம் வருகிறது. நாலு கலர், ஓரத்தில் நட்சத்திரம் போட்டு "லீடர்ஷிப் 5க்கு 4". யார் போட்ட மார்க் அது?

ஜிகினா ஒரு பக்கம் என்றால் கண்ணீர் இன்னொரு பக்கம். இப்போது ஒரு பழக்கம் பார்க்கிறேன். கவர் லெட்டரில் குடும்பக் கஷ்டத்தை எழுதுகிறார்கள். அப்பா குடி, அம்மா வீட்டுவேலை, நான்தான் தூக்கி நிறுத்தணும் மேடம். படிக்கும்போது வயிற்றைப் பிசைகிறது. என் வீட்டுக் கதையும் கொஞ்சம் அப்படித்தான். ஆனால் அதைப் படித்து வேலை கொடுக்க முடியாது. நூறில் எழுபது பேருக்கு அதே கதை. கஷ்டத்திலேயே யாருடையது பெரிசு என்று நான் எடை போடவா? அந்தக் கஷ்டத்துக்கு நடுவில் நீ என்ன செய்தாய் என்பது ஒரு வரி எழுதினால் போதும். அம்மா வேலை செய்கிற நாலு வீட்டுச் சம்பளக் கணக்கை நீ எழுதி வைத்தாயா? அதை எழுது. அது வேலை.

அட்ரஸைப் பற்றியும் கேட்கிறார்கள். மறைக்கவா, போடவா? என் பதில் பாதிதான் வீரம். கதவு எண், சந்து, குறுக்குத்தெரு வரைக்கும் எழுதத் தேவையே இல்லை. சென்னை என்று எழுதி, போன் நம்பரைப் போட்டால் போதும். ஏரியா தெரியவேண்டியபோது தெரியட்டும். ஆனால் பொய் அட்ரஸ் வேண்டாம், அண்ணா நகர் பிளாக் உங்களைக் காட்டிக்கொடுத்துவிடும். அப்புறம், எங்களைப் போல பாரிமுனைப் பக்கத்துக் கம்பெனிக்கு எழுதினால் ஏரியாவைத் தாராளமாகப் போடுங்கள். 2021ல் மெட்ரோ விம்கோ நகர் வரைக்கும் நீண்டபிறகு தண்டையார்பேட்டையில் ஏறினால் எங்கள் ஆபீஸ் பக்கத்து மண்ணடி மூன்றாவது ஸ்டேஷன். மழையில் தாம்பரத்திலிருந்து வருகிறவர் மாட்டிக்கொள்ளும் நாளில்கூட வந்து சேருகிற ஆள் நீங்கள். எனக்கு அது பெரிய விஷயம். கப்பல் வருவதற்கு முந்தைய நாளுக்குள் பில் ஆஃப் என்ட்ரி, அதாவது இறக்குமதிச் சரக்குக்குக் கஸ்டம்ஸில் கொடுக்கிற கணக்கு, போடவேண்டும். தவறினால் முதல் மூன்று நாளுக்கு நாளொன்றுக்கு 5,000 ரூபாய், அதற்குமேல் நாளொன்றுக்கு 10,000. பார்ட்டி எங்களிடம்தான் கத்துவார்.

ப்ரவுசிங் சென்டர் அண்ணன் கடையை மூடி ஏழெட்டு வருஷம் ஆகிறது. ஆனால் அவர் போகவில்லை, உலகம் முழுக்கக் கடை போட்டுவிட்டார் என்றுதான் நினைக்கிறேன். இப்போது வருகிற கவர் லெட்டர்களில் இங்கிலீஷ் பிழையே இல்லை. எல்லாம் சாட்ஜிபிடி. எல்லோரும் "எங்கள் மதிப்புமிக்க நிறுவனத்தின் தொலைநோக்குப் பார்வை"யால் கவரப்பட்டிருக்கிறார்கள். எங்கள் முதலாளிக்குத் தொலைநோக்குப் பார்வையே காடராக்ட் ஆபரேஷனுக்குப் பிறகுதான் வந்தது. உபயோகிக்கவேண்டாம் என்று சொல்லமாட்டேன், நானும் உபயோகிக்கிறேன். நீங்கள் செய்த காரியத்தை அதனிடம் சொல்லாவிட்டால் அதுவும் பாவம் என்ன செய்யும், அந்த ஒரே பயோடேட்டாவைத்தான் எடுத்து நீட்டும்.

சரி, பத்துப் பேருக்கு வருகிறேன். பொறுக்கியதில் ஒன்பது பேரை என் முறைப்படி எடுத்தேன். ஒருத்தி "சித்தப்பா துணிக்கடையில் ஆறு மாசம், வாங்கின பில்லையும் ஜி.எஸ்.டி. 2பி ஸ்டேட்மென்ட்டையும் ஒப்பிட்டேன், சேராத 14 பில்லைத் தனியாக எழுதிக்கொடுத்தேன்" என்று எழுதியிருந்தாள். (2பி என்பது, விற்றவர்கள் அரசாங்கத்திடம் காட்டிய பில்களின் பட்டியல்.) அந்த 14 என்ற எண்ணுக்காகவே அவளைக் கூப்பிட்டேன். பத்தாவது ஆள் நான் தள்ளிவிட்டவன். பயோடேட்டா ஒண்ணரை வரி, அதிலும் மூன்று ஸ்பெல்லிங் தப்பு. கொருக்குப்பேட்டைப் பையன். வரவேண்டிய ஒருவர் வரமாட்டேன் என்று போன் பண்ணியதால், பக்கத்தில் இருக்கிறானே, சீக்கிரம் வந்துவிடுவான் என்று கூப்பிட்டேன். அவ்வளவுதான் காரணம்.

முதலாளி அன்று எனக்குச் செய்ததை நான் இப்போது எல்லோருக்கும் செய்கிறேன். ஒரு செட் காகிதம், வேண்டுமென்றே இரண்டு தப்பு. பார்த்துவிட்டுச் சொல். ஏழு பேர், "எல்லாம் ஓகே மேடம்" என்றார்கள். அதில் ஒருத்தர் கோட் போட்டுக்கொண்டு வந்திருந்தார், மாடி ஏறியதில் வேர்த்துக் கொட்டிக்கொண்டிருந்தது, பாவம். இன்னொருவர் காகிதத்தைப் பார்க்காமல் தன் பலம், பலவீனம் பற்றிப் பேச ஆரம்பித்தார். ஜி.எஸ்.டி. பெண் ஒரு தப்பைப் பிடித்தாள். கடைசியில் இவன்.

விரலை வைத்து வரிவரியாகப் போனான். பத்து நிமிஷம் ஆனது. எனக்கே கொஞ்சம் எரிச்சல். அப்புறம் தயங்கித் தயங்கிச் சொன்னான். "இது இன்னா பேப்பர்னு தெரில மேடம். ஆனா இதுல வெய்ட்டு 18,240 போட்டுகிது, இதுல 18,420 போட்டுகிது. அப்புறம் பீஸ் கணக்கு கூட்டிப் பாத்தா ரெண்டு அட்டப்பொட்டி ஒதைக்குது." இரண்டு தப்பும் அவன் கையில். எங்கே கற்றாய் என்று கேட்டேன். ராத்திரியில் ஒரு கூரியர் கோடவுனில் மூட்டை எண்ணுகிறானாம், ஒண்ணரை வருஷமாக. "ஏன்டா, அதப் பயோடேட்டால போடல?" "அது கூலி வேல மேடம். அதப் போய் எப்டி..."

அவன் சேர்ந்து மூன்று வாரம் ஆகிறது. ஜி.எஸ்.டி. பெண்ணை வேறொரு கம்பெனிக்குச் சொல்லிவிட்டேன், அங்கே கூப்பிட்டிருக்கிறார்கள். ஆனால் ராத்திரியில் படுத்தால் நான் தள்ளிவிட்ட மற்ற தொண்ணூற்றுச் சொச்சம் பேரின் நினைப்பு வருகிறது. அந்த ஃபோல்டரை இன்னும் அழிக்கவில்லை. அதில் எத்தனை பேர் ராத்திரியில் மூட்டை எண்ணுகிறார்களோ, எழுதவில்லையோ. ஆளுக்கு அரை நிமிஷம் கொடுத்தவள் நான்.

இதை எழுத உட்கார்ந்ததே அண்ணன் பையனால். டிப்ளமா முடித்துவிட்டு வீட்டில் இருக்கிறான். போன வாரம் போனை நீட்டினான்.

"அத்தே, ஹாபில இன்னா போட்றது? ரீடிங் புக்ஸ் போட்டுக்கினு வுட்றவா?"

"நீ என்னிக்குடா புக் படிச்ச?"

"எல்லாரும் அதான் போட்றாங்க."

இவன் ராத்திரி பதினோரு மணிவரை கேரம் கிளப்பில் கிடப்பவன். எங்கள் பக்கம் கேரத்துக்குக் குறை சொல்ல முடியாது, 2024ல் அமெரிக்காவில் நடந்த உலகப் போட்டியில் மூன்று தங்கம் வாங்கிய காசிமா வடசென்னைப் பெண்தான். இவன் அந்த அளவுக்கு இல்லை, ரெட்டைப் போட்டுவிட்டு ஃபாலோவைத் தவறவிடுகிற ஜாதி. ஆனால் பொங்கலுக்குக் கிளப்பில் டோர்னமென்ட் நடத்தியது இவன்தான். அதைக் கேட்டேன். எத்தனை பேர் ஆடினார்கள்?

"64 பேரு. நாக்கவுட்டு. 63 மேட்சு அத்தே, நாலு போர்டு, ரெண்டு நாளு. யாரு எந்த போர்டுல எத்தினி மணிக்குன்னு நோட்டுல எழுதி வெச்சிருந்தேன். ஒருத்தன்கூட சண்ட போடல."

"என்ட்ரி பணம்?"

"அதுவும் அந்த நோட்டுலதான். ப்ரைசு போக 340 ரூபா மீந்துச்சி. கிளப்புக்குக் குடுத்தாச்சி."

"போய் அந்த நோட்டை எடுத்துக்கினு வா."

என் வாயிலும் "எடுத்துக்கினு" வந்துவிட்டதைக் கேட்டுச் சிரித்துக்கொண்டே எழுந்துபோனான். ஓரம் மடங்கிய நாற்பது பக்க நோட்டு, அட்டையில் வெள்ளை வெள்ளையாகப் பவுடர். என் பக்கத்தில் உட்கார்ந்து போனில் தட்ட ஆரம்பித்தான். 64 என்று போட்டான், 63 என்று போட்டான். பிறகு நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தான்.

"போரிக் பவுடரு வாங்குன கணக்கும் போடட்டா அத்தே?"

"எத்தனை டப்பா?"

நோட்டைப் புரட்ட ஆரம்பித்தான்.